செக்கிங் நாளில் கேள்வித்தாளை எடுக்காதீர்கள்

இந்த ஆண்டு மூன்று பிள்ளைகள் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரே தலைப்போடு என்னைப் பார்க்க வந்தார்கள்: தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் அரசியல் பங்கேற்பும், அரசைப் பற்றிய அவர்களுடைய பார்வையும். மூவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். நினைவுக்கு வந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

1. தலைப்பில் 'அரசு' என்று எழுதிவிட்டீர்கள். எந்த அரசு? முகாமில் இருக்கும் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று அரசுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விட்டு வந்த இலங்கை ஒன்று. குடியுரிமையைக் கையில் வைத்திருக்கும் டெல்லி ஒன்று. வீடும் அரிசியும் மாதத் தொகையும் தரும் சென்னை இன்னொன்று. இந்த மூன்றுக்கும் கீழே, அவர் தினமும் முகம் பார்த்துப் பேசுகிற அரசு இருக்கிறது: வருவாய் ஆய்வாளர், உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் காவலர், ரேஷன் கடைக்காரர். 'அரசின் மேல் உங்களுக்கு நம்பிக்கை உண்டா' என்று மொட்டையாகக் கேட்டால், அவர் இவர்களில் யாரை நினைத்துப் பதில் சொன்னார் என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியாது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களையும், 7,469 புதிய வீடுகளையும் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாதத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அந்த மக்களுக்கு இது பெரிய ஆறுதல், அதைக் குறைத்து எழுதாதீர்கள். ஆனால் பலகையில் பெயர் மாறிய அன்றும் அவர்களுடைய சட்ட நிலை முந்தின நாள் இருந்தபடியேதான் இருந்தது. அது சென்னையின் கையில் இல்லை. வீட்டுச் சாவியை ஓர் அரசிடம் வாங்கிக்கொண்டு, குடியுரிமைக்கு இன்னோர் அரசைப் பார்த்துக் காத்திருக்கும் மனிதருக்கு, அரசு என்பது ஒரே முகமாக எப்படித் தெரியும்?

2. களத்துக்குப் போகும் முன் சட்டத்தைப் படியுங்கள். வழிகாட்டி சொன்னார் என்பதற்காக அல்ல. முகாமில் பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூட அந்தத் தேதிகள் தெரியும் என்பதற்காக.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே 'அகதி' என்ற சொல்லுக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை. இவர்கள் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் இவர்களை நெடுங்காலம் ஆண்டது. 2025இல் புதிய குடியேற்றச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதையொட்டி வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மேல் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கூடாது என்றது. வழக்குப் பயம் குறைந்தது, குடியுரிமை வரவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் எடுத்துக்கொண்டு இலங்கையை விட்டுவிட்டது.

பிறப்பால் வரும் குடியுரிமையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். அன்றிலிருந்து பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3லிருந்து பிறந்தவருக்கு அதுவும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற கணக்கில் வரக் கூடாது. இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். 1986இல் முகாமில் பிறந்த அண்ணன் சட்டப்படி இந்தியன். 1988இல் அதே முகாமில், அதே தாய்க்குப் பிறந்த தங்கை இல்லை. அந்தத் தங்கை உள்ளூர்ப் பையனைக் கட்டிக்கொண்டு 2006இல் ஒரு பிள்ளை பெற்றால், தகப்பன் இந்தியனாக இருந்தும் அந்தப் பிள்ளையின் நிலை சிக்கலில் நிற்கிறது. 'முகாம் மக்கள்' என்று ஒரே பெயரில் எல்லோரையும் அடக்கி எழுதுவதற்கு முன் இதை நினையுங்கள்.

இதே 1987 தேதியை வைத்துத்தான் 2014இல் தேர்தல் ஆணையம், 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்தியாவில் பிறந்த திபெத்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. இங்கேயோ, அந்தத் தேதிக்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தது செய்தியானது. பத்திரிகை எழுதுமளவுக்கு ஒரு ஓட்டு அபூர்வமாக இருக்கிறதே, உங்கள் ஆய்வை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

3. எல்லோரையும் யாழ்ப்பாணத்தார் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். முகாம்களில் மன்னார், திருகோணமலை, வவுனியாப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குள் மலையகத் தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த உடன்பாடு ஒன்பதே முக்கால் லட்சம் பேரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கலவரங்களில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கேயும் இருக்க முடியாமல் 1983க்குப் பிறகு படகேறியவர்கள் இவர்களில் உண்டு. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்த வழக்கு இப்படிப்பட்ட குடும்பங்களுடையது. 'ஊர் திரும்புவீர்களா' என்று அவர்களைக் கேட்பதற்கு முன், எந்த ஊரைச் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெளிவு வேண்டும்.

4. செக்கிங் நாளில் கேள்வித்தாளை எடுக்காதீர்கள். அதிகாரிகள் மேசை போட்டுப் பெயர் கூப்பிட்டு முகாம் ஆட்களைச் சரிபார்க்கும் நாள் அது. அன்றைக்குக் கேள்வித்தாளை எடுத்தது நான் செய்த பிழை.

என் முதல் கள ஆய்வில் ஐந்து புள்ளி அளவுகோல் ஒன்று வைத்திருந்தேன். 'அரசு உங்கள் நலனில் அக்கறை காட்டுகிறது': முற்றிலும் உடன்படுகிறேன் என்றால் ஐந்து, இல்லவே இல்லை என்றால் ஒன்று. வேலைக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் ஒரே நாளில் முகாமில் கிடைப்பார்கள் என்று செக்கிங் நாளைத் தேர்ந்தெடுத்தேன். வெளியூரில் பெயின்ட் வேலையில் இருப்பவர்கூட அன்றைக்கு வந்துவிடுவார். வராவிட்டால் பதிவு வெட்டுப்படும் என்ற பயம். பெயர் கூப்பிடும் மேசைக்கு நாலடி தள்ளி என் மேசையைப் போட்டுக்கொண்டேன். அந்த மேசையில் எழுந்தவர் என் மேசையில் உட்கார்ந்தார். சாயங்காலம் தாள்களை எண்ணினால் ஏறக்குறைய எல்லாமே ஐந்து. திருப்தியாகத் திரும்பினேன்.

என் ஆசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உன்னை அவங்க யாருன்னு நினைச்சாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து, தாள் இல்லாமல், பேனா இல்லாமல் அதே முகாமுக்குப் போனேன். ஓர் அம்மா தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "தம்பி, அண்டைக்கு நாங்கள் சொன்னது எல்லாம் சரியோ? ஒண்டும் பிரச்சினை வராதே?" பரீட்சை எழுதிய பிள்ளை விடை சரியா என்று கேட்பதுபோலக் கேட்டார். அந்த ஐந்துகள் அரசின் மேல் வைத்த நம்பிக்கைக்கான மதிப்பெண் அல்ல, என்மேல் இருந்த பயத்துக்கான மதிப்பெண். அரசைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கப் போன நான், அவர்கள் கண்ணில் அரசாகவே உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாள்களைத் தூக்கிப் போடவில்லை. எந்தச் சூழ்நிலையில் வாங்கிய பதில்கள் என்று விவரித்து, ஆய்வேட்டில் ஓர் இயலாகவே வைத்தேன். மற்ற இயல்களைவிட அதற்குத்தான் இன்றும் நான் பொறுப்பேற்பேன். உங்களுக்கு முகாமுக்குள் போக அரசு அனுமதிக் கடிதம் வேண்டும், அது இல்லாமல் போகவே கூடாது. அந்தக் கடிதமே உங்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அனுமதி வாங்குங்கள், பிறகு மாதக்கணக்கில் சும்மா போய் வாருங்கள். தண்ணீர்க் குழாயடியில் நில்லுங்கள். கோவில் திருவிழாவில் பந்தி பரிமாறுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். மேசை மறைய நாளாகும், முழுதாக மறையவும் மறையாது. எவ்வளவு மறைந்தது என்று ஆய்வேட்டில் எழுதுவது உங்கள் கடமை.

5. ஓட்டு இல்லாத இடத்தில் அரசியல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அரசியல் பங்கேற்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் பட்டியலை எடுத்துக்கொண்டு போனால், வாக்களித்தல் இல்லை, கட்சி உறுப்பினர் இல்லை, வேட்பாளர் இல்லை என்று வரிசையாகப் பூச்சியம் போட்டுக்கொண்டு வருவீர்கள்.

நான் சொல்வது, மனுவைப் படியுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க் கூட்டத்தில், முகாமிலிருந்து நாலு பெண்கள் பையில் மடித்து வைத்த மனுவோடு வரிசையில் நிற்பார்கள். கழிப்பறைக் கதவு, தெருவிளக்கு, முகாம் மாற்றம், பிள்ளையின் கல்லூரிச் சான்றிதழ். அந்த மனுவை யார் எழுதிக் கொடுத்தார்கள்? யாருக்கு நகல் போட்டார்கள்? 'கருணை கூர்ந்து' என்று எந்த வரியில் வருகிறது, 'அரசாணைப்படி' என்று எந்த வரியில் வருகிறது? பழைய மனுக்களின் நகல்களை நெகிழித் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களே விரும்பிக் காட்டினால் வருட வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கெஞ்சல் எந்த வருடத்தில் கேள்வியாக மாறியது என்று தெரியும். பார்த்தா சாட்டர்ஜி 2004இல் எழுதிய 'ஆளப்படுவோரின் அரசியல்' பற்றிய நூல் இதற்கு உதவும். ஆனால் ஒன்று. அவர் பேசுகிற கல்கத்தாக் குடிசைவாசிகளுக்கு ஓட்டு இருந்தது. பேரம் பேச அது போதும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் 1950களிலேயே சங்கம் கட்டி, ஊர்வலம் போய், மேற்கு வங்க அரசியலையே திருப்பியவர்கள். அவர்களைக் குடிமக்களாக எண்ணித்தான் அரசு நடத்தியது. முகாம்காரருக்கு அந்தக் கைம்முதல் இல்லை. தேர்தல்களின்போது பிரச்சார வண்டி முகாம் வாசல் வரை வந்து அடுத்த தெருவுக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். கைம்முதல் இல்லாமலே எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதுதான் நீங்கள் புதிதாகச் சொல்லக்கூடிய விஷயம்.

முகாம் குழு, கோவில் கமிட்டி, மகளிர் சுய உதவிக் குழு, 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் என்று எல்லாவற்றையும் பாருங்கள். கிளம்பிப் போய்விடுவதும் ஒரு பதில்தான். இராமேசுவரத்தில் மீன்பிடிப் படகு தேடி மன்னாருக்குத் திரும்பியவரும், ஆஸ்திரேலியாவுக்கென்று இருந்ததை விற்றுக் கடலில் இறங்கியவரும் அரசுகளுக்கு ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

6. முகாம் தலைவரை மதியுங்கள், முதலில் அவரிடமே போங்கள். ஆனால் அவர் அழைத்துப் போகும் வீடுகளோடு நிறுத்தாதீர்கள்.

7. ஆயுதப் போராட்ட இயக்கங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். யார் எதில் இருந்தார், எந்தப் படகில், யார் மூலம் வந்தார் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அவர்களாகச் சொன்னால் காது கொடுங்கள், கை எழுத வேண்டாம். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு இந்த முகாம்களின் மேல் விழுந்த பார்வை வேறு. அதுவரை அண்ணன் தம்பி என்று சோறு கொடுத்த ஊர், ஒரே இரவில் கதவைச் சாத்தியதை நேரில் கண்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். சிறைபோன்ற திருச்சிச் சிறப்பு முகாமில் அடைத்துவிடுவார்களோ என்ற பயம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கியிருக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் ஒரு வரி ஒருவரை அங்கே கொண்டுபோகக்கூடும் என்ற நினைப்போடு பேனாவைத் திறங்கள்.

8. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்கும். முகாமில் கையெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1992இல் திருப்பியனுப்பும் படலம் தொடங்கியபோது, 'விருப்பத்தோடு போகிறேன்' என்ற தாளில்தான் கையெழுத்து வாங்கினார்கள். அந்த விருப்பம் உண்மையானதுதானா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களைக் கேட்டறிய அனுமதி பெற்றதும் அந்த ஆண்டில்தான். அந்தத் தாளை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் முன் நீங்கள் இன்னொரு தாளை நீட்டுகிறீர்கள். வாய்மொழி ஒப்புதல் போதும் என்று குழுவிடம் வாதாடி வாங்குங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை களத்துக்குப் போகாதீர்கள்.

9. வினைச்சொற்களைக் கவனியுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த வேலை. 'அரசைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு வராத பதில், சாதாரணப் பேச்சின் வினைச்சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கும். மாதத் தொகையைப் பற்றி ஒருவர் 'குடுக்கினம்' என்பார். இன்னொருவர் 'எங்களுக்கு வரவேண்டியது' என்பார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் சலுகைக்கும் உரிமைக்கும் இருக்கும் தூரம். 'பாத்துக்கொள்ளுது' என்று சொல்லும் அதே வாய், குரலைத் தாழ்த்தி, 'பாத்துக்கொண்டு இருக்குது' என்று சொல்லும்போது பொருள் முற்றிலும் வேறு. முன்னது பராமரிப்பு, பின்னது கண்காணிப்பு. ஒலிப்பதிவை இன்னொருவரிடம் கொடுத்து எழுதச் சொன்னால் அந்தத் தாழ்ந்த குரல் தொலைந்துவிடும். நீங்களே எழுதுங்கள்.

'எங்கட', 'உங்கட', 'நம்ம' என்ற மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். 1990இல் கைக்குழந்தையோடு வந்திறங்கிய பாட்டி இந்திய அரசை 'உங்கட கவர்மெண்ட்' என்பார். அவருடைய பேத்தி, இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளி படித்தவள், 'நம்ம கவர்மெண்ட்' என்று ஆரம்பித்து, கல்லூரி விண்ணப்பத்தில் 'குடியுரிமை' என்ற கட்டம் வரும் கதையைச் சொல்லும்போது 'இவங்க' என்று மாறுவாள். ஒரே வாக்கியத்துக்குள் அவள் அரசுக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்கிறாள். தேர்வாளர்கள் புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டால், அதுவும் இருக்கிறது என்று சொல்லி, முதலில் இந்த மூன்று சொற்களைக் காட்டுங்கள்.

10. கோட்பாட்டைக் கையில் வைத்திருங்கள், கண்ணில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஹன்னா அரென்ட் 1943இலேயே தான் அகதியாக இருந்தபோது எழுதிய கட்டுரையை மறுபடி மறுபடி படியுங்கள். லீசா மால்க்கி 1995இல் வெளியிட்ட நூல், புருண்டியிலிருந்து தான்சானியாவுக்குப் போன ஹூட்டு அகதிகளைப் பற்றியது. முகாமில் இருந்தவர்கள் தங்கள் வரலாற்றை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு தேசமாகத் தங்களைக் கண்டார்கள். நகரத்தில் கலந்தவர்கள் அந்த அடையாளத்தை மறைத்தும் மாற்றியும் வாழ்ந்தார்கள் என்று காட்டினார். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் என்றால், காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாழும் வெளிப்பதிவுக்காரர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். எல்லோரும் முகாமுக்கே போகிறோம், ஏனென்றால் அங்கே வேலி இருக்கிறது, ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்களில் ஒருவராவது வளசரவாக்கத்து வாடகை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மால்க்கி கண்டது இங்கே பொருந்தாமல் போனால் இன்னும் நல்லது, அப்போதுதான் உங்களுக்குச் சொந்தமாக எழுத ஒன்று கிடைத்திருக்கிறது.

11. எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "இதை எழுதினால் எங்களுக்குக் குடியுரிமை வருமோ?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள். வராது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். சொன்ன பிறகும் பேசுகிறவர்களுடைய பேச்சைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

12. பெயர்களை மாற்றுங்கள். முகாமின் பெயரையும் மாற்றுங்கள், மாவட்டத்தையும் மங்கலாக்குங்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இருந்ததில்லை, ஒரு பெரியவரைத் தவிர.

ஆய்வேடு முடிந்ததும் அதன் சாரத்தை எளிய தமிழில் நாற்பது பக்கமாக அச்சடித்து முகாமுக்கு எடுத்துப் போனேன். நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும். அவர் மன்னார்ப் பக்கத்து மனிதர், எழுபதைத் தாண்டியவர். என்னோடு மற்ற எல்லோரையும்விட அதிகம் பேசியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் சொன்னவை ஆறேழு இடங்களில் வேறு பெயரில் இருந்தன. தன் வார்த்தைகளை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ர பேர் இல்லையே, தம்பி?"

பாதுகாப்புக்காக மாற்றினேன் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அங்க வாக்காளர் இடாப்பில இருந்து வெட்டிப்போட்டாங்கள். இஞ்ச சேக்கயில்லை. செக்கிங் புத்தகத்தில மட்டும்தான் என்ர பேர் கிடக்கு. நீ எழுதின புத்தகத்திலயாவது இருக்கும் எண்டு நினைச்சன்."

அச்சான பிரதியில் மாற்ற முடியாது என்றேன். மாற்றியிருக்கவும் மாட்டேன். அவருடைய மகன் அப்போது வேறு முகாமில் இருந்தான். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் தன் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு, நிதானமாக எழுதிக்கொண்டார். அந்தப் பிரதி அவரிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.